"பரம்பரை இல்லை" என்ற அறிக்கை: பார்க்கின்சன் நோயும் ஆராயப்படாத மக்களும்

2006ஆம் ஆண்டு கிளிநொச்சியில்தான் அண்ணாவின் வலது கால் விரல்கள் மடங்கத் தொடங்கின. அப்போது அவருக்கு 34 வயது. சைக்கிளில் கொஞ்சத் தூரம் போனால் விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இறங்கி நின்று காலை உதறிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். அடுத்த வருடம் கையிலும் தொடங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருக்கும்வரை கை ஆடாது. கோப்பையை வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டால் நடுங்கும்.

வீட்டில் எல்லோரும் சொன்ன காரணம் செல் அதிர்ச்சி. அந்தக் காலத்து வன்னியில் நித்திரை வராததற்கும், பிள்ளை பேசாததற்கும், கை நடுங்குவதற்கும் அந்த ஒரு விளக்கமே போதுமாக இருந்தது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். நானும் அதைத்தான் நம்பினேன்.

அண்ணாவின் வருத்தத்தில் இன்னொரு விசித்திரம் இருந்தது. விடிய எழும்பும்போது ஆள் நல்லாக இருப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவார். மத்தியானம் தாண்டினால் கால் இழுபடும். "காலமை வடிவா வேலை செய்த மனிசனுக்குப் பின்னேரம் என்ன வந்தது?" என்று அயலவர்கள் கேட்டார்கள். வேலைக் கள்ளன் என்று ஒரு பெயரும் வந்தது. 2009இல் முகாமில் இருந்தபோது அவருடைய முகத்தில் அசைவே இல்லாமல் போயிருந்தது. விசாரிக்க வந்தவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

2011இல் ஒரு வைத்தியர் அண்ணாவிடம் பேனையைக் கொடுத்து, பெயரைப் பத்துத் தரம் எழுதச் சொன்னார். முதல் வரியில் இருந்த எழுத்து பத்தாவது வரியில் எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு லெவோடோபா என்ற குளிசையில் கால் பங்கு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கிழமையில் அண்ணா சைக்கிள் ஓடினார்.

இளவயதில் வரும் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழுந்த கேள்வியைப் பற்றியது. இது பரம்பரையா?

மூளைக்குள் நடப்பது என்ன

லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயை விவரித்து எழுதினார். நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்புக் கலங்கள் டோபமீன் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்றன. உடல் அசைவைத் தொடங்குவதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் அது தேவை. அந்தக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. நடுக்கம் வெளியில் தெரிய வரும்போது அவற்றில் பெரும் பகுதி ஏற்கெனவே போயிருக்கும். நடுக்கத்தைவிட, அசைவு மந்தமாவதும் தசை இறுகுவதுமே நோயின் முதன்மை அடையாளங்கள். நடுக்கமே இல்லாத நோயாளரும் உண்டு.

பெரும்பாலானோருக்கு 60 வயதுக்குப் பிறகு, குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாமல்தான் இது வருகிறது. ஏறத்தாழ 5 முதல் 10 வீதமானோருக்கு மட்டும் ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழை நேரடிக் காரணமாகிறது. (எங்கள் பாடப்புத்தகம் இதைப் பரம்பரையலகு என்று சொல்லும். வாசகர்களுக்குப் பழகிய சொல் மரபணு என்பதால் அதையே எழுதுகிறேன்.) நோய் தொடங்கும் வயது குறையக் குறைய மரபணுவைச் சந்தேகிக்க வேண்டிய தேவை கூடுகிறது.

முதல் மரபணு 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கதை புலம்பெயர்ந்தவர்களின் கதைதான். தென் இத்தாலியில் கொந்தூர்சி என்ற சிற்றூரிலிருந்து அமெரிக்காவின் நியூஜேர்சிக்குப் போன குடும்பங்களில் இந்த நோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. வேறு வேறு குடும்பங்கள் என்று நினைத்தவர்களின் வம்சாவழியைத் தேடிப் போனபோது ஒரே ஊர், ஒரே வேர் என்று தெரிந்தது. அவர்களின் இரத்தத்திலிருந்து அல்பா-சைனியூக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை பிடிபட்டது. பிறகு பார்த்தால், பரம்பரை இல்லாத நோயாளரின் மூளைக் கலங்களிலும் கட்டியாகத் திரண்டு கிடப்பது அதே புரதம். ஒரு சிற்றூரின் குடும்பக் கதை உலகத்தில் உள்ள எல்லா நோயாளருக்குமான திறப்பாக மாறியது.

அடுத்த வருடம் ஜப்பானியக் குடும்பங்களில் 'பார்கின்' என்ற இரண்டாவது மரபணு. இளவயதில் தொடங்குவது, கால் விரல் மடங்குவது, நித்திரை கொண்டு எழும்பினால் சுகமாக இருப்பது, சிறிதளவு மருந்துக்கே நல்ல பலன் கிடைப்பது ஆகிய அடையாளங்கள் ஜப்பானில் நீண்ட காலமாகக் கவனிக்கப்பட்டு எழுதப்பட்டிருந்தன. இதைப் படித்த இரவு நான் அண்ணாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வேலைக் கள்ளன் என்று நானும் ஒருநாள் சொல்லியிருக்கிறேன்.

2004இல் எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணு வந்தது. அதைக் கண்டறிந்த குழு ஒன்று ஸ்பெயினின் பாஸ்க் குடும்பங்களில் வேலை செய்தது. அதனால் அதன் புரதத்துக்கு 'நடுக்கம்' என்று பொருள்படும் பாஸ்க் சொல்லிலிருந்து டார்டாரின் என்று பெயர் வைத்தார்கள். தன் மொழியில் ஒரு மூளைப் புரதத்துக்குப் பெயர் கிடைப்பது சின்னச் சமூகம் ஒன்றுக்குப் பெரிய விசயம்தான்.

அக்காவின் சோதனை

அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன், துப்பலைக் குழாயில் விட்டுத் தபாலில் அனுப்பும் மரபணுச் சோதனை ஒன்றைச் செய்தார். பதில் வந்த அன்று இரவே அழைத்தார்.

"பாத்திட்டன். ஒண்டுமில்லையாம். எங்கட குடும்பத்தில இது பரம்பரை இல்லை. இனிப் பிள்ளைகளின்ர விசயத்தைப் பேசலாம்."

பிள்ளைகளின் விசயம் என்பது அண்ணாவின் மகளுக்கும் என் மகனுக்கும் கலியாணம். மச்சான் மச்சாள் முறை. அம்மா உயிரோடு இருந்தபோதே வாயால் சொல்லிவைத்தது. அதுகள் இரண்டுக்கும் விருப்பம் என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணாவின் வருத்தத்தை நினைத்துத்தான் பேச்சு நின்றிருந்தது. அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோசமாகச் சாப்பிட்டோம்.

அடுத்த கிளினிக்கில் நரம்பியல் வைத்தியரிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அந்தச் சோதனை எதைத் தேடினது எண்டு பாத்தீங்களோ, ரீச்சர்?"

பார்த்தேன். இரண்டே இரண்டு எழுத்து மாற்றங்களைத்தான் தேடியிருந்தது. ஒன்று எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணுவில் ஜீ2019எஸ். மற்றது ஜீ.பி.ஏ.1 மரபணுவில் என்370எஸ். பார்க்கின்சன் நோய்க்கு இதுவரை தெரிந்த மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஏன் இந்த இரண்டு மட்டும்?

அந்தச் சோதனை வாங்கும் மக்களிடம் அதிகம் காணப்படுபவை இவை. ஜீ2019எஸ் மாற்றத்தை வட ஆபிரிக்காவின் துனிசியா, அல்ஜீரியா போன்ற நாடுகளின் அரபு, பெர்பர் நோயாளர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் காவுகிறார்கள். கிழக்கு ஐரோப்பிய வேர் கொண்ட அஷ்கனாசி யூத நோயாளர்களில் ஏறத்தாழ 18 வீதமானோரிடம் உண்டு. ஏனைய ஐரோப்பியரிடம் ஒன்று இரண்டு வீதம். ஆனால் இந்தியாவில் நூற்றுக்கணக்கான நோயாளரைச் சோதித்த ஆய்வுகளில் இது மிக மிக அரிது. என்370எஸ் மாற்றமும் முதன்மையாக அஷ்கனாசி மக்களிடம் அறியப்பட்டது.

நாங்கள் எங்கள் திறப்பைத் தொலைத்தது பரந்தனில். அக்கா தேடிப் பார்த்தது துனிசியாவில். அங்கே இல்லை என்று சொன்ன பதிலில் பொய் இல்லை.

இன்னொரு பிழையும் இருந்தது. வருத்தம் அண்ணாவுக்கு. சோதித்தது அக்காவை. நோய் உள்ளவரை முதலில் சோதித்து, அவரிடம் எந்தப் பிழை என்று கண்டுபிடித்த பிறகுதான் மற்றவர்களிடம் அதே பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் 'இல்லை' என்ற பதிலுக்கு அர்த்தமே கிடையாது.

லாகோஸில் கண்டது

இந்த இடத்தில் நைஜீரியாவின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மிகவும் பொருந்தும் கதை அது.

2019இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு ஒன்று, பார்க்கின்சன் நோயின் ஆபத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும் 90 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் ஐரோப்பிய வம்சாவழியினர். ஆபிரிக்கர்களுக்கு இந்தப் பட்டியல் பொருந்துமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த எழுத்துப் பிழைகளை நைஜீரிய நோயாளரிடம் தேடியபோது அநேகமாக ஒன்றும் அகப்படவில்லை. அவர்களுக்கு மரபணுக் காரணமே இல்லைப் போலும் என்று எண்ண வைக்கும் முடிவு அது.

லாகோஸ் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் பேராசிரியர் ஞிடேகா ஒகுபடேஜோ, லண்டனில் வேலை செய்யும் மியே ரிசிக் ஆகியோரும் அவர்களின் கூட்டாளிகளும் ஆபிரிக்க வம்சாவழியினரை மட்டும் எடுத்து முழுத் தொகுதியையும் அலசினார்கள். 1,488 நோயாளர், நோயற்ற 196,430 பேர். 2023இல் முடிவு வந்தது. ஜீ.பி.ஏ.1 மரபணுவில், அதுவரை எவரும் கவனிக்காத ஓர் இடத்தில் ஒரு மாற்றம். ஒரு பிரதி காவுபவருக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால் மூன்றரை மடங்கு. ஐரோப்பியரிடமும் ஆசியரிடமும் இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஜீ.பி.ஏ.1 புதிய மரபணு அல்ல. கலத்துக்குள் சேரும் கொழுப்புக் கழிவை உடைக்கும் ஒரு நொதியத்தை அது செய்கிறது. இரண்டு பிரதியும் பழுதானால் கோஷே என்ற நோய் வரலாம். ஒரு பிரதி பழுதானவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்துக் கூடும் என்பது 2009 அளவிலேயே உறுதியாகியிருந்தது. அப்படியிருக்க, ஆபிரிக்க மாற்றம் இத்தனை காலம் ஏன் தெரியவில்லை?

மரபணுவில் புரதத்துக்கான கட்டளை எழுதப்பட்ட துண்டுகளும், அவற்றுக்கு இடையில் கட்டளை எழுதாத இடைத்துண்டுகளும் உண்டு. கலம் இடைத்துண்டை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டளைத் துண்டுகளை ஒட்டும். வழக்கமான சோதனைகள் கட்டளைத் துண்டுகளை மட்டும்தான் வாசிக்கும். ஐரோப்பிய நோயாளரின் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. நைஜீரிய மாற்றமோ இடைத்துண்டில் இருந்தது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று கலத்துக்குக் காட்டும் அடையாளத்தை அது குழப்புகிறது. அதனால் நொதியம் குறைந்த அளவில்தான் உருவாகிறது. கட்டளை சரியாகவே இருக்கிறது. கட்டளையைத் தொகுக்கும் வேலையில்தான் பிழை. முன்னவர்கள் பழைய பக்கங்களிலேயே மறுபடி மறுபடி தேடியிருந்தார்கள்.

பிலிப்பீன்ஸ் நாட்டின் பனாய் தீவிலும் ஏறத்தாழ இதே கதைதான். அங்கே, குறிப்பாகக் காப்பிஸ் மாகாணத்தில், 40 வயதளவில் ஆண்களுக்கு உடல் முறுக்கத் தொடங்கும். சில வருடங்களில் முறுக்கு குறைந்து பார்க்கின்சன் போன்ற இறுக்கமாக மாறும். ஊரார் அதை லூபாக் என்கிறார்கள், முறுக்குதல் என்று பொருள். கண்டிப்பாகச் சொன்னால் இது பார்க்கின்சன் நோய் அல்ல, அதன் உறவுக்காரன். பிலிப்பீன்ஸ் நரம்பியல் வைத்தியர் லிலியன் லீ 1970களில் இதை உலகுக்கு எழுதினார். எக்ஸ் நிறமூர்த்தத்தில் வரும் நோய் என்பதால் தாய்மார் காவுவார்கள், மகன்மாருக்கு வரும். காரணம், டாஃப்1 என்ற மரபணுவின் இடைத்துண்டுக்குள் வெளியிலிருந்து வந்து செருகிய சுமார் 2,600 எழுத்து நீளமான ஒரு துண்டு. பல தலைமுறைகளுக்கு முன் ஒரே மூதாதையிடம் நடந்த செருகல் அது. அந்தத் துண்டின் ஓரிடத்தில் ஆறு எழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை தரம் கூடுதலாக வருகிறதோ அவ்வளவு இளவயதில் நோய் தொடங்குகிறது. இதையும் ஐரோப்பாவுக்கென்று செய்த சோதனைப் பட்டியலில் தேடிப் பிரயோசனமில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 'உலகப் பார்க்கின்சன் மரபணுத் திட்டம்' என்ற கூட்டு முயற்சி நடக்கிறது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை, குறிப்பாக இதுவரை விடுபட்ட நாடுகளில் உள்ளவர்களைச் சேர்ப்பது அதன் இலக்கு. இந்தியாவிலும் இளவயது நோயாளரை ஆராயும் குழுக்கள் இருக்கின்றன. அங்கே அதிகம் அகப்படும் மரபணு பார்கின்.

மெண்டலின் பட்டாணியும் எங்கள் கலியாணமும்

பார்கின் பின்னிடைவான மரபணு. ஒவ்வொருவரிடமும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்றாக இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றது சமாளிக்கும். அவர் வெறும் காவி. இரண்டும் பழுதானால்தான் நோய். தாயும் தகப்பனும் காவிகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, காவியாக இருக்க நான்கில் இரண்டு, இரண்டுமில்லாதிருக்க நான்கில் ஒன்று. பதினோராம் வகுப்புக்கு இதைப் பட்டாணிச் செடியை வைத்துப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன். எங்கள் வீட்டை வைத்துச் சொல்ல எனக்குப் பத்து வருடம் எடுத்தது.

எங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்த மச்சான் மச்சாள். அப்படியானவர்களுக்கு ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூட. இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். சொந்தத்தில் கட்டுவதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எந்தத் தம்பதியருக்கும் பிறவிக் குறைபாட்டுடன் குழந்தை பிறக்க இரண்டு மூன்று வீத வாய்ப்பு இருக்கிறது. சொந்த மச்சான் மச்சாளுக்கு அது அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படிப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பின்னிடைவு நோய் தெரிந்திருந்தால் கணக்கு வேறு.

அண்ணாவின் நோய் பின்னிடைவு நோய் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய இரண்டு பிரதியும் பழுது. எனவே அவருடைய மகள் நிச்சயமாகக் காவி, அதற்குச் சோதனையே தேவையில்லை. நோய் வராத தங்கச்சியான நான் காவியாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. என் மகன் அதில் பாதி, மூன்றில் ஒன்று. பிள்ளைகள் இருவரும் கட்டினால் அவர்களின் குழந்தைக்கு நோய் வர பன்னிரண்டில் ஒன்று. வெளியில் கட்டினால் அது நூறில் ஒன்றுக்கும் மிகக் கீழே இறங்கிவிடும்.

இந்தக் கணக்கை ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி அண்ணாவிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அப்ப பிழை என்னிலயோ?" என்று கேட்டார். பிழை ஒருவரிலும் இல்லை, பிரதி எடுக்கும்போது வந்த எழுத்துப் பிழை, எந்த முப்பாட்டனிலோ வந்தது என்றேன். எழுத்துப் பிழை என்றதும் சிரித்தார். அவர் தபால் கந்தோரில் வேலை செய்தவர்.

தம்பிக்கான கட்டம்

பிறகு அண்ணாவின் இரத்தமே இந்தியாவில் உள்ள ஓர் ஆய்வுகூடத்துக்குப் போனது. வைத்தியர் இரண்டு விசயங்களைக் கேட்டு உறுதிப்படுத்தினார். எல்லாப் பார்க்கின்சன் மரபணுக்களும் முழுமையாக வாசிக்கப்படுமா? பார்கினில் பெரிய துண்டுகள் அப்படியே காணாமல் போவதும் இரட்டிப்பாவதும் சாதாரணம், எழுத்தை மட்டும் வாசிக்கும் சோதனை அதைத் தவறவிடலாம், அதற்கான பிரதி எண்ணிக்கைச் சோதனையும் சேர்த்துச் செய்யப்படுமா? பணம் கட்டுவதற்கு முன் யாரும் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

கூடவே குடும்ப மரம் வரையும் படிவம் ஒன்றும் வந்தது. பெயர், வயது, உறவு, நடுக்கம் உண்டா, உயிருடன் இருக்கிறாரா. பாட்டன் பாட்டியின் பதிவுகள் 1990களின் இடப்பெயர்வில் போய்விட்டன. பெரியப்பாவுக்குக் கை நடுங்கியதா என்று கேட்க அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. கொந்தூர்சிக்காரரின் வம்சாவழியைத் தொடுத்துப் பார்க்க முடிந்ததை நினைத்தேன்.

எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். 1980இல் பிறந்தவன். 2008இல் அவனுக்கும் இடது கால் மெல்ல இழுபடத் தொடங்கியிருந்தது. சப்பாத்து ஒரு பக்கம் தேய்ந்திருந்ததை அம்மாதான் முதலில் கண்டா. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைக் காணவில்லை. படிவத்தில் 'உயிருடன் இருக்கிறாரா: ஆம் / இல்லை' என்று இரண்டு கட்டம் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு அனுப்பினேன்.

மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது. பார்கினின் இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து மாற்றம். ஆனால் அதற்குப் பக்கத்தில், 'முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்' என்று போட்டிருந்தார்கள். அதாவது மாற்றம் இருக்கிறது, அது நோயைத் தருமா, அல்லது எங்கள் ஆட்களிடம் இயல்பாகக் காணப்படும் தீங்கற்ற வேறுபாடா என்று சொல்ல முடியாது. இதைத் தீர்மானிப்பதற்கு, இதே மாற்றம் சுகதேகிகள் எத்தனை பேரிடம் இருக்கிறது, நோயாளர் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற ஒப்பீடு வேண்டும். ஒப்பிடும் தரவுத் தொகுதிகளில் ஐரோப்பியர் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் மிகக் குறைவு. ஆராயப்படாத மக்கள் என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. அதே அறிக்கை ஓர் ஐரோப்பியருக்கு வந்திருந்தால் ஆம் அல்லது இல்லை என்ற பதில் கிடைத்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

குடும்பத்துக்குள்ளேயே இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. நோய் வந்த சகோதரங்கள் எல்லோரிடமும் இரண்டு பிரதியும் மாறியிருந்து, நோய் வராதவர்களிடம் அப்படி இல்லை என்றால் சந்தேகம் பலப்படும். எனக்கும் அக்காவுக்கும் பார்த்தார்கள். எனக்கு ஒரு பிரதி. அக்காவுக்கு ஒன்றுமில்லை. இது பொருந்துகிறது, ஆனால் போதாது. "இன்னுமொரு நோயுள்ள சகோதரம் இருந்தால் நல்லம்" என்றார் வைத்தியர். அவருக்குத் தம்பியின் கதை தெரியாது.

இளவயதில் நடுக்கம் கண்டால்

இதைப் படிப்பவர்களில் ஒருவருக்காவது இது உதவக்கூடும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 40 வயதுக்குள் நடுக்கமோ மந்தமோ வந்தால் யுத்தத்தின் பாதிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். யுத்தம் தந்த நடுக்கமும் உண்டு. அதையும் வைத்தியரே பிரித்தறிய வேண்டும். முதலில் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோய் அது. இரத்தம், சிறுநீர், கண் பரிசோதனைகளில் பிடிபடும், நேரத்துக்குக் கண்டால் மருந்தால் கட்டுப்படுத்தலாம், விட்டால் ஈரலும் மூளையும் பழுதாகும். மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல், சத்திக்குக் கொடுக்கும் மெற்றோகுளோபிரமைட் போன்ற மருந்துகளும் பார்க்கின்சன் போன்ற இறுக்கத்தைத் தரும். எங்கள் பகுதிகளில் வருடக்கணக்கில் மனநல மருந்து எடுப்பவர்கள் பலர் இருப்பதால் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் தாங்களாக நிறுத்தக்கூடாது.

எந்த மரபணு என்று தெரியாவிட்டாலும் மருத்துவம் நிற்பதில்லை. லெவோடோபா எல்லோருக்கும் பொதுவான மருந்து. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் எடுத்தால் நல்லது, மீன், இறைச்சி, பருப்பின் புரதம் அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். திடீரென நிறுத்துவது உயிராபத்து. கிளினிக் திகதியைத் தவறவிடும் நிலை வந்தால் குளிசை முடிவதற்கு முன்பே ஒழுங்கு செய்ய வேண்டும். பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது, எங்கள் வைத்திய முறைகள் அதை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. ஆனால் எந்த விதையில் எவ்வளவு என்று அளவில்லை. குளிசையோடு சேர்த்து எடுத்தால் அளவு கூடிப்போகும்.

தெளிவற்றது என்று வந்த அறிக்கையைக் கிழித்துப் போட வேண்டாம். தரவு சேரச் சேர ஆய்வுகூடங்கள் அவற்றை மீள வகைப்படுத்துகின்றன. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைத்தியர் மூலம் கேட்கலாம். அண்ணாவின் அறிக்கையை நாங்கள் ஒருமுறை திருப்பிக் கேட்டோம். இன்னும் தெளிவற்றது என்றுதான் இருக்கிறது. ஆய்வுக்குப் பயன்படுத்த அண்ணா கையெழுத்து வைத்திருக்கிறார், பத்தாவது வரி எழுத்தின் அளவில்.

நான் காவி என்று தெரிந்த பிறகு கொப்பியில் கணக்கையும் மாற்றினேன். மகனுக்கு இரண்டில் ஒன்று, அவர்களின் குழந்தைக்கு எட்டில் ஒன்று. இந்த அறிக்கையை மட்டும் வைத்துக் கலியாணத்தை முடிவுசெய்ய வேண்டாம் என்று வைத்தியர் பிள்ளைகள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார். மகனிடம் அந்த மாற்றம் இல்லை என்று வந்தால், அதுதான் காரணம் என்ற பட்சத்தில் கேள்வி முடிந்தது. அது காரணம் இல்லையென்றால் உண்மையான காரணம் இன்னும் ஒருவரும் வாசிக்காத ஏதோ ஓர் இடைத்துண்டில் கிடக்கிறது. அப்போது மகனின் அறிக்கையும் அக்காவின் அறிக்கை போலத்தான்.

மருமகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமி, எட்டில ஏழு வராது எண்டும் சொல்லலாம்தானே?" என்றாள். சொல்லலாம்.

மகன் போன மாதம் இரத்தம் கொடுத்தான். முடிவு இன்னும் வரவில்லை. நாள் பார்க்கவும் ஒருவரும் இன்னும் போகவில்லை.